சாது உடும்பு

உடும்பு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? பிடிதானே? கடன் கொடுத்தவர் திண்ணையில் வந்து உட்கார்ந்தால் 'உடும்புப் பிடி' என்கிறோம். பொம்மைக் கடை வாசலில் குழந்தை நின்றுகொண்டு நகர மாட்டேன் என்று அழுதால், அதுவும் உடும்புப் பிடிதான். உடும்பின் இடுப்பில் கயிற்றைக் கட்டிக் கோட்டைச் சுவரில் ஏற்றி, அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீரர்கள் ஏறினார்கள் என்ற கதையைச் சிறு வயதில் கேட்காதவர் யார்?

அந்தப் பிடி தளர்ந்து போன உடும்புகளைப் பற்றி இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன். இவை வேடனிடம் அகப்பட்டவை அல்ல. வீட்டில், செல்லமாக, பெயர் வைத்துக் கூப்பிட்டு வளர்க்கப்பட்டவை. இவற்றின் கதியைக் கேட்டால், அலட்சியத்தால் வருகிற துன்பத்தைக் காட்டிலும் அறியாத அன்பினால் வருகிற துன்பம் பெரிது என்பது விளங்கும்.

"உடும்பையாவது, வீட்டில் வளர்க்கவாவது!" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஐரோப்பிய நாடுகளிலும் நாய், பூனை வளர்ப்பதைப்போல் ஆமை, ஓணான், மலைப்பாம்பு வளர்ப்பவர்களும் ஏராளம். அவர்கள் வாங்குகிற உடும்புகளில் மிகச் சாதாரணமானது 'ஸவானா உடும்பு' என்னும் ஆப்பிரிக்க ஜாதி. விலை மலிவு. வளர்ந்தால் சுமார் மூன்றடி நீளம். "பரம சாது" என்று வேறு நற்சாட்சிப் பத்திரம்!

அந்த 'பரம சாது' என்ற இரண்டு வார்த்தைகளில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு பொது ஜாதகம்

நான் சொல்லப்போவது ஏதோ ஓர் உடும்பின் ஜாதகம் அல்ல. ஆயிரக்கணக்கான உடும்புகளுக்குப் பொதுவான ஜாதகம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் என்று மூன்று நாடுகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அங்கே புல்வெளியிலும் வயல் வரப்பிலும் வளையில் வாழ்கிறது இந்த உடும்பு. சினை உடும்புகளைப் பிடித்து முட்டையிட வைத்தும், மண்ணைத் தோண்டி முட்டைகளையும் குஞ்சுகளையும் எடுத்தும், வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான குஞ்சுகளைக் கடல் கடந்து அனுப்புகிறார்கள். குஞ்சு நம் உள்ளங்கையில் அடங்கிவிடும். கறுத்த மணிபோன்ற கண். பார்த்தால் யாருக்கும் ஆசை வரும்.

அயல்நாட்டு நகரம் ஒன்றின் கடையில் ஒரு பையன் அதைப் பார்க்கிறான். அம்மாவைப் பிடுங்கி எடுக்கிறான். பிறந்த நாள் பரிசாக உடும்பு வீட்டுக்கு வந்துவிடுகிறது. கூடவே ஒரு கண்ணாடிப் பெட்டி, கொஞ்சம் மணல், ஒரு விளக்கு, ஒரு தண்ணீர்க் கிண்ணம். சாப்பாடு? "எலி கொடுங்கள், போதும்" என்கிறார் கடைக்காரர்.

எலி கொடுத்தார்கள். உடும்பு லபக்கென்று விழுங்கிற்று. பிள்ளைக்குக் குதூகலம். மறுநாளும் எலி; அதற்கு மறுநாளும் எலி. உடும்பு கொழு கொழுவென்று வளர்ந்தது. கொழு கொழுவென்று இருக்கும் குழந்தையைக் கண்டால் நமக்கு எப்படி இருக்கிறது? "ஆரோக்கியமான குழந்தை" என்று அள்ளிக்கொள்வதில்லையா? அவர்களும் அப்படித்தான் சந்தோஷப்பட்டார்கள். போகப் போக அது ஓடுவதை நிறுத்தியது. கையில் எடுத்தால் சும்மா இருந்தது. மடியில் போட்டால் கண்ணை மூடிக்கொண்டது. "எவ்வளவு சாது பாருங்கள்! நம்மிடம் எவ்வளவு பிரியம்!" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்கள்.

உண்மையில் அதற்கு எழுந்திருக்கத் திராணி இல்லை.

வருஷம் முழுவதும் தீபாவளி

கானாவின் கடற்கரைச் சமவெளியில் இந்த உடும்புகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர் டேனியல் பென்னட். 2003-ல் அவரும் ரவி தாக்கூர்தயாள் என்பவரும் இந்த உடும்பைப் பற்றிய உண்மைகளைத் தனிப் புத்தகமாகவே வெளியிட்டார்கள். காட்டில் இது எலியை நம்பிப் பிழைப்பதில்லை. சுவர்க்கோழி, வெட்டுக்கிளி, வண்டு, மரவட்டை, தேள், நத்தை, இவைதான் இதன் உணவு. குஞ்சுகள் சுவர்க்கோழியின் வளையிலேயே குடியிருந்து, வீட்டுக்காரரையே விருந்தாகவும் ஆக்கிக்கொள்கின்றன! மழைக்காலத்தில் வயிறாரத் தின்று கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். வறட்சிக் காலத்தில் அதிகம் நடமாடாமல், சேர்த்து வைத்ததைக் கொண்டு காலம் தள்ளும்.

கண்ணாடிப் பெட்டியிலோ வறட்சிக் காலமே இல்லை; வருஷம் முழுவதும் தீபாவளி. தின்கிற கொழுப்பைச் செலவழிக்க ஓட இடமில்லை; தோண்ட மண்ணில்லை. கொழுப்பு ஈரலில் போய் அடைகிறது. வயிறு தரையில் இழுபடுகிறது.

இது முதல் தவறு. இரண்டாவது தவறு உஷ்ணத்தில். நம் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. உடும்பு வெயிலில் கிடந்துதான் சூட்டைச் சம்பாதிக்க வேண்டும். சூடு இருந்தால்தான் தின்றது ஜீரணமாகும். நோயை எதிர்க்கும் சக்தியும் வேலை செய்யும். ஒரு மங்கல் விளக்கின் கீழ் அது பாதி உயிரோடுதான் இருக்கிறது. குளிர்ந்துபோன உடும்பு ஓடாது, சீறாது, கடிக்காது. இதைத்தான் 'சாது' என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மூன்றாவது தவறு ஈரத்தில். புல்வெளிப் பிராணி என்றால் பாலைவனப் பிராணி என்று எண்ணி, காய்ந்த மணலைப் பரப்பி வைக்கிறார்கள். ஆனால் காட்டில் அது வெயில் நேரத்தில் மண்ணுக்கடியில் புகுந்துவிடும். வளைக்குள் காற்று ஈரமாக இருக்கும். பெட்டியில் விளக்கின் சூடு காற்றை உலர்த்த, அது விடுகிற ஒவ்வொரு மூச்சிலும் உடம்பின் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. முதலில் கெடுவது சிறுநீரகம். வெளியேற வேண்டிய யூரிக் அமிலம் மூட்டுகளில் உப்பாகப் படிந்துவிடுகிறது. தாத்தாக்களை வாட்டுகிற அதே 'கௌட்' வாதம்தான், பாவம், இதற்கும்!

தோலுரியும்போது ஈரம் போதாவிட்டால், பழைய தோல் விரல்களிலும் வால் நுனியிலும் வளையம் வளையமாக ஒட்டிக்கொள்ளும். காய்ந்து இறுகி, ரத்த ஓட்டத்தை நிறுத்தும். விரல் கறுத்து விழுந்துவிடும். உடும்புப் பிடிக்குப் பேர்போன விரல்கள் இப்படியா போக வேண்டும்?

நான்காவது தவறு ஒளியில். சூரிய வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கிரணங்கள் தோலில் பட்டால் வைட்டமின் 'டி' உண்டாகும். அது இருந்தால்தான் சாப்பாட்டிலுள்ள கால்ஷியம் எலும்பில் போய்ச் சேரும். சாதாரணக் கண்ணாடி அந்தக் கிரணங்களில் உபயோகமான பகுதியைத் தடுத்துவிடுகிறது. தாடை ரப்பர் மாதிரி வளைகிறது, கால் கோணுகிறது, முதுகு கூனுகிறது. பெண் உடும்பாக இருந்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. முட்டையிடுவதற்கு ஆழமான மண் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சில சமயம் முட்டைகளை வயிற்றிலேயே தேக்கிக்கொண்டு உயிரையே விட்டுவிடும்.

லண்டனில் ஒரு பெண்மணி

"இதெல்லாம் இப்போதுதானே கண்டுபிடித்திருப்பார்கள்? பாவம், அவர்களுக்கு எப்படித் தெரியும்?" என்கிறீர்களா? இல்லை. இதில் முக்கியமான விஷயங்களை நூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு பெண்மணி செய்து காட்டிவிட்டார்.

அவர் பெயர் ஜோன் ப்ராக்டர். 1897-ல் லண்டனில் பிறந்தவர். பள்ளிக்கூடத்துக் கணக்கு வகுப்புக்குத் தாம் வளர்த்த குட்டி முதலையைக் கொண்டுபோன சூரப்புலி! தீராத குடல் நோயால் சர்வகலாசாலையில் சேர்ந்து படிக்க முடியவில்லை. ஆனாலும் 1923-ல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் ஊர்வனப் பகுதிக்குத் தலைவியானார். 1927-ல் அங்கே திறக்கப்பட்ட புதிய ஊர்வன மாளிகை அவர் திட்டமிட்டது. ஒவ்வொரு பிராணியின் இருப்பிடத்துக்கும் தனித்தனியே மின்சாரத்தால் சூடேற்றினார். புற ஊதாக் கிரணங்களை உள்ளே விடக்கூடிய விசேஷக் கண்ணாடியைப் போட வைத்தார்.

அந்த வருஷமே இந்தோனேஷியாவின் கொமோடோ உடும்புகள் இரண்டு லண்டனுக்கு வந்து சேர்ந்தன. உடும்புக் குலத்துக்கே பாட்டனார் இந்தக் கொமோடோ. பத்தடி வரையில் வளரும். மானைக்கூட அடித்துத் தின்னும். வந்த இரண்டில் ஒன்றுக்கு 'சும்பாவா' என்று பெயர். 1928-ல் விலங்கியல் சங்கத்துக் கூட்டத்தில் ஜோன் ப்ராக்டர் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார். விஞ்ஞானிகள் பார்த்துக்கொண்டிருக்க, கையால் இரை ஊட்டி, தட்டிக் கொடுத்தார். உடல் நலிந்து சக்கர நாற்காலியில் அவர் மிருகக்காட்சிசாலையைச் சுற்றி வந்த நாட்களில் சும்பாவாவும் கூடவே நடந்து வந்தது. 1931-ல், 34-வது வயதில், அவர் காலமானார்.

சும்பாவாவும் சாதுதான். ஆனால் அது தெம்பில்லாத சாது அல்ல. வேண்டிய சூடும் ஒளியும் இரையும் கிடைத்து, நினைத்தால் எதிராளியைக் கிழித்துப் போடும் பலத்தோடு இருந்த சாது. ஒன்று பலவீனம்; மற்றொன்று நம்பிக்கை. பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் தோன்றும். அதைப் பிரித்தறியாததால்தான் எத்தனையோ உடும்புகள் கண்ணாடிப் பெட்டியில் மெல்ல மெல்ல மடிகின்றன.

பத்தியமும் பராமரிப்பும்

சரி, ஜாதகத்துக்குத் திரும்பி வருவோம். பையன் கல்லூரிக்குப் போய்விடுகிறான். வீடு மாற்றலாகிறது. மின்சாரக் கட்டணம் ஏறுகிறது. பெட்டி மூலையில் கிடக்கிறது. கடைசியில் யாரோ மனம் பொறுக்காமல் மீட்பு நிலையத்துக்கு எடுத்துப் போகிறார்கள். அமெரிக்காவில் அரிஜோனா மாகாணத்தில் ஊர்வனவற்றுக்கென்றே பீனிக்ஸ் ஹெர்பெடலாஜிகல் சரணாலயம் என்று ஒன்று இருக்கிறது. வேறு இடங்களில் இந்தப் பிராணிகளில் பழக்கமுள்ள தனி மனிதர்கள் தங்கள் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

அங்கே நடக்கிற சிகிச்சையைக் கேட்டால் உங்களுக்குப் புதிதாக இருக்காது. டைபாய்டு கண்டு எழுந்தவரை நம் வீட்டில் எப்படித் தேற்றுவோம்? எடுத்த எடுப்பில் விருந்து போடுவோமா? கஞ்சி, பிறகு ரசம் சாதம் என்று படிப்படியாகத்தானே வருவோம்? அதே கதைதான்.

முதலில் சூடு. உடம்பு சூடேறாத உடும்புக்கு இரை போட்டால் அது வயிற்றிலேயே அழுகும். அடுத்தது நீர். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்கிறார்கள். நிலைமை மோசமென்றால் வைத்தியர் ஊசி வழியே நீரைச் செலுத்துகிறார். அதன் பிறகே இரை, அதுவும் கொஞ்சமாக. நடுவே எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, குடலில் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க மலப் பரிசோதனை. விரலில் இறுகிய பழந்தோலைப் பிய்த்து எடுக்க மாட்டார்கள். ஊற வைத்து, எண்ணெய் தடவி, நாள் கணக்கில் பொறுமையாகக் கழற்றுவார்கள்.

பிறகு எலிக்கு விடை கொடுத்துவிட்டு, பூச்சியும் நத்தையும் மண்புழுவும் தருகிறார்கள். கொழுத்த உடும்பைப் பட்டினி போட்டு இளைக்க வைக்கக்கூடாது. கொழுப்பு ஒரேயடியாகக் கரைந்தால் ஈரல் தாங்காது. மாதக் கணக்கில், சமயத்தில் வருஷக் கணக்கில், மெல்ல இளைக்க வைக்க வேண்டும்.

வீடும் மாறுகிறது. எட்டடி நீளம், நான்கடி அகலம், நான்கடி உயரத்துக்கு ஓர் அறை. அதில் இரண்டடி ஆழத்துக்காவது ஈர மண். ஒரு மூலையில் விளக்குகளின் கீழே, மேற்பரப்பு 50 டிகிரி ஸெண்டிகிரேட்டுக்கு மேல் காய்கிற கல், எதிர்மூலையில் குளிர்ச்சி. சூடு வேண்டுமானால் இங்கே, போதுமென்றால் அங்கே. தேர்ந்தெடுக்கும் உரிமையை உடும்பிடமே விட்டுவிடுகிறார்கள். அதுவே பாதி மருந்து.

எல்லாம் பிழைத்துவிடுகின்றன என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். கோணிய முதுகு நிமிராது. விழுந்த விரல் முளைக்காது. கெட்ட சிறுநீரகம் திரும்புவது அரிது. காலம் கடந்து வருகிறவற்றுக்கு வலியில்லாத முடிவைத் தருவதுதான் கடைசி உபகாரமாக இருக்கிறது.

சீறினால் சந்தோஷம்!

பிழைக்கிற உடும்பு ஒரு நாள் விசித்திரமான காரியம் செய்யும். அதுவரை மடியில் துணி மாதிரி கிடந்தது, வைத்தியம் செய்த கையைப் பார்த்துச் சீறும். தொண்டையை உப்பிக்கொள்ளும். வாலைச் சாட்டையாகச் சுழற்றும். மண்ணைத் தோண்டி உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

அனுபவமில்லாதவர் இதைக் கண்டு மனம் உடைந்து போவார். "இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்தேனே, நன்றி கெட்ட ஜந்து!" என்று தோன்றும். அனுபவசாலியோ உள்ளூரச் சிரித்துக்கொள்வார். பயப்படவும் தெம்பு வேண்டுமல்லவா? உயிர்மேல் ஆசை வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்போது அவர் கையை எடுத்துவிடுகிறார். தூக்குவதில்லை, துரத்துவதில்லை. தினமும் அதே நேரத்தில் வந்து பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். நீண்ட இடுக்கியில் ஒரு பூச்சியை நீட்டுகிறார். வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். சில உடும்புகள் சில மாதங்களில் தாமாகவே வெளியே வந்து, பிளவுபட்ட நாக்கால் அவர் கையை மோந்து பார்க்கும். சில கடைசி வரையில் வராமலே இருந்துவிடும். அதற்காக அவற்றுக்கு வைக்கிற இரையில் குறையில்லை.

குழந்தை வளர்ந்து, "நானே சாப்பிட்டுக்கொள்கிறேன், விடு" என்று கையைத் தட்டிவிடுகிற நாளை அனுபவித்தவர்களுக்கு இது புரியும். மனசு ஒரு நிமிஷம் சுருக்கென்றாலும், அதற்குத்தானே இத்தனை பாடும்?

நமக்கென்ன?

"இவ்வளவு கஷ்டம் எதற்கு? ஏதாவது தோப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டால் போகிறது" என்று நினைக்கலாம். அமெரிக்காவின் ப்ளோரிடா மாகாணத்தில் அப்படித்தான் நடந்தது. செல்லமாக வாங்கப்பட்டு வெளியே விடப்பட்ட, தப்பியோடிய நைல் உடும்புகள் கேப் கோரல் என்ற ஊரின் கால்வாய்க் கரைகளில் 1990 முதலே தென்பட ஆரம்பித்துப் பெருகிவிட்டன. அங்கே தரையில் வளை தோண்டி வாழும் அபூர்வமான சிற்றாந்தைகளுக்கு அவை எமனாக வாய்த்தன. 2021-ல் அந்த மாகாணம் நைல் உடும்பைத் தடை செய்யப்பட்ட பிராணிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஒரு வீட்டின் தவறு ஊரின் தவறாகிவிட்டது, பார்த்தீர்களா?

நம் நாட்டில் உடும்பு வளர்ப்பது சட்டப்படி குற்றம். 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், இந்தியாவில் வாழும் நான்கு வகை உடும்புகளுக்கும் முதல் அட்டவணையில் இடம் தந்திருக்கிறது. தோட்டத்தில் வந்தால் வனத் துறைக்குச் சொல்ல வேண்டுமே தவிர, பிடிக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. ஆனால் அயல்நாட்டு ஓணான், மலைப்பாம்பு, கிளி முதலியவற்றை வாங்கி வளர்க்கும் மோகம் நம் நகரங்களிலும் பரவியிருக்கிறது. சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் உள்ள அயல்நாட்டுப் பிராணிகளை வைத்திருப்போர் அரசாங்கத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று 2024-ல் விதிகளே வந்துவிட்டன.

ஆகவே, நாளைக்கே உங்கள் பிள்ளை செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "அம்மா, இது கடிக்கவே கடிக்காதாம், பரம சாதுவாம்!" என்று கொஞ்சினால், கோபித்துக்கொள்ளாதீர்கள். "ஏன் அது சாதுவாக இருக்கிறது?" என்று மட்டும் திருப்பிக் கேளுங்கள். அது எங்கே பிறந்தது, என்ன தின்னும், எவ்வளவு வெயில் வேண்டும், எத்தனை வருஷம் உயிரோடிருக்கும் என்று அவனையே விசாரித்து எழுதி வரச் சொல்லுங்கள். எழுதி முடிப்பதற்குள் பெரும்பாலும் ஆசை தெளிந்துவிடும். தெளியாவிட்டாலும், பிறிதோர் உயிரைப் பற்றி நாலு விஷயம் தெரிந்துகொண்ட பிள்ளையாவது உங்களுக்கு மிச்சம்.

மீட்பு நிலையத்தில் தேறிய உடும்பை எடைபோடத் தூக்குகிறபோது, அது பராமரிப்பவரின் சட்டைக் கையை நகங்களால் கவ்விக்கொண்டு விடவே விடாதாம். ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுக்க வேண்டுமாம். சட்டை கிழிந்து போவதும் உண்டு.

அதற்காக அவர்கள் வருத்தப்படுவதில்லை. உடும்புக்குப் பிடி திரும்பி வந்துவிட்டதே!